மறைநூலை வாழ்ந்து படித்தவர்

மறைநூல் ஒன்றைப் படித்து முடிப்பது எளிது. அதன் முன் அமர்ந்து, அது தன்னிடம் எதைக் கேட்கிறது என்று பொறுமையுடன் காத்திருப்பது எளிதன்று. சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்று நமது ஆசாரியர்கள் படிகளை வகுத்ததன் காரணமும் இதுவே. காதில் விழுந்த சொல் சிந்தனையில் ஊற வேண்டும்; சிந்தனையில் ஊறியது வாழ்வாக மலர வேண்டும். இடையில் எங்கேனும் நின்றுவிட்டால் புலமை மிஞ்சும், ஞானம் வாய்க்காது.

இந்தச் சாதனையை வேறொரு மண்ணில், வேறொரு மறைநூலைக் கொண்டு பயின்ற ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் வாழ்ந்தார். அவர் பெயர் டீட்ரிச் போன்ஹோஃபர். லூத்தரன் திருச்சபையின் போதகர், இறையியல் விரிவுரையாளர், 39-ஆம் வயதில் ஹிட்லரின் ஆட்சியால் தூக்கிலிடப்பட்டவர். நாடே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில், நாள்தோறும் வேதாகமத்தின் சில வரிகளோடு அமர்வதை அவர் விடவில்லை. மாறும் உலகில் பழைய நூல் எதற்கு என்று கேட்பவர்களும், நூல் இருக்க உலகைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்களும் ஒருங்கே சிந்திக்கத்தக்க வாழ்க்கை அவருடையது.

புலமை தந்ததும் தராததும்

போன்ஹோஃபர் 1906 பிப்ரவரி 4-ஆம் நாள், இன்று போலந்து நாட்டில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் போன்ஹோஃபர் புகழ்பெற்ற மனநல மருத்துவர். 1912 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். எட்டுக் குழந்தைகள் கொண்ட அந்தக் குடும்பம் கல்வியிலும் இசையிலும் சிறந்து விளங்கியது; ஆனால் ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் குடும்பம் அன்று. அத்தகைய வீட்டில் பிறந்த சிறுவன் இறையியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது மற்றவர்கள் வியப்படைந்ததில் வியப்பில்லை. அவரோ தம் முடிவில் உறுதியாக நின்று, 21-ஆம் வயதிலேயே முனைவர் பட்டத்திற்கான ஆய்வை முடித்தார்.

அக்காலத்து பெர்லின், வேதாகமத்தை வரலாற்று ஆய்வின் கண்கொண்டு பார்ப்பதில் உலகின் தலைநகரம் எனலாம். அடோல்ஃப் ஃபான் ஹார்னாக் போன்ற பேரறிஞர்கள் அங்கே கற்பித்தனர். ஒரு நூலை எழுதியவர் யார், எந்தக் காலத்தில் எந்தப் பகுதி சேர்க்கப்பட்டது, ஒரு சொல்லின் வேர் எது என்பனவற்றை நுணுகி ஆராயும் முறை அது. ஹார்னாக்கின் வகுப்பில் அமர்ந்து கற்ற போன்ஹோஃபர் அந்த ஆராய்ச்சியை ஒருநாளும் வெறுக்கவில்லை. அதன் பயனை அறிந்தவர் அவர். அதன் எல்லையையும் அறிய நேர்ந்தது பின்னால்தான்.

1930-இல் ஓராண்டுப் படிப்பிற்காக அவர் நியூயார்க் நகரின் யூனியன் இறையியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கே இரண்டு நட்புகள் அவரை மாற்றின. ஜான் லசேர் என்ற பிரெஞ்சுப் போதகர் ஒருவர். அவருடைய நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நடந்த முதல் உலகப்போரில்தான் போன்ஹோஃபரின் அண்ணன் வால்ட்டர் 1918-இல் உயிரிழந்திருந்தார். அந்த லசேர், பகைவரை நேசிக்கவும் தீமையைத் தீமையால் எதிர்க்காதிருக்கவும் இயேசுநாதர் மலைமீது அளித்த உபதேசத்தை உள்ளபடியே கடைப்பிடிக்க வேண்டிய கட்டளையாகக் கொண்டவர். லூத்தரன் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது புதிது. மலைப்பிரசங்கம் மனிதனின் இயலாமையை அவனுக்கு உணர்த்தி, இறைவனின் கிருபையை நாடச் செய்வதற்காகச் சொல்லப்பட்டது என்ற விளக்கமே அங்கு வழங்கி வந்தது. அழகான விளக்கம்தான். கீழ்ப்படியாமல் இருப்பதற்கு அதைவிட வசதியான விளக்கமும் இல்லை.

மற்றொருவர் ஃபிராங்க் ஃபிஷர் என்ற கறுப்பின மாணவர். அவர் அழைத்துச் சென்றதால் ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்திற்குப் போன்ஹோஃபர் சென்றார். அங்கே ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குக் கற்பித்தார். அடிமைகளின் வழிவந்தவர்கள் வேதாகமத்தை எப்படிப் பாடுகிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதை அங்கேதான் கண்டார். அவர்களுடைய பக்திப் பாடல்களின் இசைத்தட்டுகளை ஜெர்மனிக்குக் கொண்டுவந்து, பிற்காலத்தில் தம் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்.

பல ஆண்டுகளுக்குப் பின், 1936-இல் எழுதிய ஒரு கடிதத்தில் தம் இளமையைப் பற்றி அவர் மனம் திறந்தார். இறையியல் பணியில் தாம் குதித்தது பணிவோடு அன்று, பேராசையோடு என்று ஒப்புக்கொண்டார். பலமுறை பிரசங்கம் செய்தும், திருச்சபையைப் பற்றிப் பேசியும் எழுதியும், தாம் இன்னும் கிறிஸ்தவராகவில்லை. வேதாகமத்திடம், சிறப்பாக மலைப்பிரசங்கத்திடம், முதன்முறையாக வந்து சேர்ந்தபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது என்பது அவர் எழுதியதன் சாரம். முனைவர் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் இதைச் சொல்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருத்தப்பட்ட மறைநூல்

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதமரானார். அடுத்த சில மாதங்களில் யூத வழிவந்தோரை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அதே விதியைத் திருச்சபைக்குள்ளும் கொண்டுவர வேண்டும் என்று 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தினர் முழங்கினர். ஞானஸ்நானம் பெற்றுப் போதகராகவே பணியாற்றினாலும், பாட்டனார் யூதர் என்றால் அவர் வெளியேற வேண்டுமாம்.

அந்த ஆண்டு நவம்பர் 13-இல் பெர்லினின் விளையாட்டு அரங்கில் சுமார் 20,000 பேர் கூடிய கூட்டம் ஒன்றில், பழைய ஏற்பாடு முழுவதையும் விலக்கிவிட வேண்டும் என்று ஒரு பேச்சாளர் கோரியபோது பலத்த கரவொலி எழுந்தது. அது வெறும் மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை. 1939 மே மாதம் ஐசனாக் நகரில், திருச்சபை வாழ்விலிருந்து யூதத் தாக்கத்தை அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது வெளியிட்ட புதிய ஏற்பாட்டில், இயேசுநாதர் யூதர் என்பதைக் காட்டும் இடங்கள் வெட்டப்பட்டிருந்தன. அந்நிறுவனத்தின் தொடக்க விழா நடந்த இடம் வார்ட்பர்க் கோட்டை. 1521-22இல் மார்ட்டின் லூத்தர் மறைந்திருந்து, சாதாரண மக்களும் படிக்கட்டும் என்று புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அதே கோட்டை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இயக்கத்தினர் தம்மைப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. காலம் மாறிவிட்டது, தேசம் விழித்துவிட்டது, மறைநூலும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பதே அவர்கள் வாதம். காலத்திற்கேற்ற விளக்கம் என்ற சொற்றொடர் நல்லவர்கள் கையிலும் வரும், இத்தகையோர் கையிலும் வரும். புதிய விளக்கத்தால் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று பார்த்தால் வேறுபாடு ஓரளவு விளங்கும். தன்னையே உறுத்தும் விளக்கமா, அயலானைத் துரத்தும் விளக்கமா?

போன்ஹோஃபர் 1933 ஏப்ரலிலேயே இதைக் குறித்து எழுதினார். அரசின் செயல் நியாயமானதா என்று திருச்சபை அரசிடம் கேட்க வேண்டும். அரசால் பாதிக்கப்பட்டோர் திருச்சபையைச் சேராதவர்களாக இருப்பினும் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். அதுவும் போதாத நிலை வந்தால், நசுக்கிச் செல்லும் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டும் என்று மூன்று கடமைகளை அதில் எடுத்துரைத்தார். பழைய ஏற்பாட்டை மற்றவர்கள் எறிய முற்பட்டபோது, அதிலிருந்தே மிகுதியாகப் பிரசங்கம் செய்தார். சங்கீதங்கள் இயேசுநாதரே ஜெபித்த ஜெபங்கள், ஆகவே அவற்றை விட்டுவிட்டு அவரோடு ஜெபிக்க இயலாது என்று கற்பித்தார். 1940-இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதன்பின் நூல் எதுவும் வெளியிடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. பண்டைய பக்திப் பாடல்களைப் பற்றிய ஒரு சிறுநூல்! படைபலம் மிகுந்த ஓர் அரசு அதைக் கண்டு அஞ்சியது.

காந்திஜியின் பதில்

1933 இறுதியிலிருந்து ஒன்றரை ஆண்டுகள் அவர் லண்டனில் ஜெர்மன் சபைகளுக்குப் போதகராக இருந்தார். இந்தியாவுக்கு வந்து காந்திஜியோடு வாழ்ந்து கற்க வேண்டும் என்ற நெடுநாள் ஆவல் அப்போது முற்றியது. மலைப்பிரசங்கத்தைப் பற்றி ஐரோப்பாவில் ஆயிரம் நூல்கள் இருக்கலாம். அதை ஒரு நாட்டின் பொதுவாழ்வில் நடத்திக் காட்டுபவர் ஓர் இந்துவாக இருக்கிறாரே என்பது அவரை உலுக்கியது. சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அவருக்காகக் காந்திஜிக்கு எழுதினார். 1934 நவம்பர் 1-ஆம் தேதியிட்ட காந்திஜியின் பதில், அவருக்கே உரிய முறையில் நடைமுறைச் செய்திகளால் நிறைந்தது. திரும்பிச் செல்லும் பயணச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். குளிர்காலத்தில் வந்தால் நல்லது. தாம் சிறையில் இல்லாமல் ஓரிடத்தில் தங்கியிருந்தால் தம்மோடேயே இருக்கலாம். எளிய சைவ உணவு ஒத்துக்கொண்டால் உணவுக்கும் இருப்பிடத்திற்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்.

அந்தப் பயணம் நிகழவில்லை. சொந்த நாட்டிலிருந்து வேறோர் அழைப்பு வந்தது. ஹிட்லருக்கு அடிபணிய மறுத்த போதகர்கள் 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடி, தாங்கள் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய சொல் இறைவனின் சொல் ஒன்றே என்று அறிக்கை வெளியிட்டு, 'அறிக்கையிடும் திருச்சபை' என்ற அமைப்பாகத் திரண்டிருந்தனர். அவர்களுக்கு இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க ஒருவர் தேவைப்பட்டார். 1935 ஏப்ரலில் போன்ஹோஃபர் நாடு திரும்பினார்.

அரைமணி நேர மௌனம்

பயிற்சிப் பள்ளி முதலில் பால்டிக் கடற்கரையில் சிங்ஸ்ட் என்ற ஊரிலும், சில வாரங்களுக்குப் பின் ஸ்டெட்டின் நகருக்கு அருகே ஃபிங்கன்வால்டெ என்ற சிற்றூரிலும் நடந்தது. பழைய மாளிகை ஒன்றுதான் பள்ளி. நன்கொடையாக வந்த மேசை நாற்காலிகள்; இரண்டு பியானோக்கள்; சுமார் 25 இளைஞர்கள். ஆசிரம வாழ்வை அறிந்தவர்களுக்கு அங்கு நிலவிய ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. லூத்தரன் போதகர்களுக்கோ அது கேட்டறியாத ஒன்று.

காலையில் எழுந்ததும் பேச்சில்லை. முதலில் காதில் விழுவது இறைவனின் சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்காக. பொது வழிபாடு நீண்டதாக இருக்கும். சங்கீதங்களும், பழைய ஏற்பாட்டிலும் புதிய ஏற்பாட்டிலுமிருந்து தொடர்ச்சியான வாசிப்புகளும் இடம்பெறும். சிற்றுண்டிக்குப் பின் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் தனித்தனியே தியானத்தில் அமர வேண்டும். அதற்கு ஒரு வாரம் முழுவதும் ஒரே பகுதிதான். அதுவும் சில வரிகளே. கிரேக்க மூலத்தைப் புரட்டக் கூடாது. உரைநூல்களைத் தொடக் கூடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திற்கு ஏதேனும் கிடைக்குமா என்று தேடவும் கூடாது. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பே போதும். இந்தச் சொல் இன்று எனக்கு என்ன சொல்கிறது என்ற ஒரே வினாவோடு இருக்க வேண்டும். தாய்மொழியில் மறைநூல் வேண்டும் என்ற அதே லூத்தரன் ஆர்வம்தான் 1706-இல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்து, 1715-இல் தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மாணவர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியவர்கள் அவர்கள். உரைநூல் இல்லாமல் அரைமணி நேரம் என்ன செய்வது? சிலருக்குத் தூக்கம் வந்தது. சிலர் மனம் ஊர் சுற்றியது. சிலர் வெளிப்படையாகவே முணுமுணுத்தனர். தியானத்தில் அமர்ந்து பழகியவர் எவரும் அவர்கள்மீது இரக்கம் கொள்வர். போன்ஹோஃபர் கடிந்துகொள்ளவில்லை, முறையை மாற்றவும் இல்லை. மனம் அலைந்தால் அதனோடு சண்டையிட வேண்டாம், அது எந்த மனிதரிடம், எந்த நிகழ்ச்சியிடம் ஓடுகிறதோ அவரையும் அதையுமே ஜெபத்திற்குள் கொண்டுவாருங்கள் என்பது அவர் காட்டிய வழி. அலையும் மனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துவர வேண்டும் என்று கீதை கூறுவதற்கு இது அருகில் இருப்பினும், ஓடும் திசையில் இருக்கும் மனிதரையும் சேர்த்து அழைத்துவரச் சொல்வதில் ஒரு தனிச்சுவை இருக்கிறது.

வெளியிலிருந்தும் விமர்சனம் வந்தது. அந்நாளைய இறையியலாளர்களில் தலையாயவரும், பார்மென் அறிக்கையைப் பெரும்பாலும் வரைந்தவருமான கார்ல் பார்த், இதில் துறவி மடத்தின் வாடை வீசுகிறதே என்று 1936-இல் தம் ஐயத்தைத் தெரிவித்தார். தேவாலயங்கள் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது தியானம் செய்ய நேரம் ஏது என்று கேட்டவர்களும் உண்டு. இளம் போதகர்கள் முன்னால் இருப்பது தனிமையும் சிறையும். அப்போது உரைநூலும் இராது, சபையும் இராது, மனத்தில் தங்கிய மறைச்சொல் மட்டுமே இருக்கும் என்பது போன்ஹோஃபரின் கணிப்பு. அது அப்படியே நடந்தது. 1937 இலையுதிர்காலத்தில் ரகசியப் போலீசார் பள்ளியை மூடி முத்திரையிட்டனர். ஆண்டு முடிவதற்குள் அவருடைய மாணவர்களாக இருந்தவர்களுள் 27 பேர் கைதாகினர்.

அந்த இல்லத்தில் எழுதப்படாத சில விதிகளும் இருந்தன. அவற்றுள் கடினமானது, அங்கில்லாத ஒரு சகோதரரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது. பேசிவிட்டால் அவரிடமே சென்று சொல்லிவிட வேண்டும். வகுப்புகளிலும் பிரசங்கங்களிலும் கற்றதற்கு ஏறக்குறைய இணையாக இந்த ஒரு விதியிலிருந்தும் மாணவர்கள் கற்றனர். பள்ளி தொடங்கிய புதிதில் ஒருநாள், சமையலறையில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. எவரும் எழவில்லை. போன்ஹோஃபர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். வெட்கமடைந்த மாணவர்கள் பின்னால் ஓடியபோது அவர் அவர்களை உள்ளே விடவில்லை. வேலையைத் தாமே முடித்துவிட்டு வந்து அமர்ந்தார். அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1937-இல் வெளிவந்த 'சீடத்துவம்' என்ற அவரது நூல் இந்த ஆண்டுகளின் விளைச்சல். மலிவான கிருபை, விலையுயர்ந்த கிருபை என்று அவர் செய்த பாகுபாடு கிறிஸ்தவ உலகெங்கும் பரவியது. மனமாற்றம் இல்லாமல் மன்னிப்பு, ஒழுங்கு இல்லாமல் ஞானஸ்நானம், சிலுவை இல்லாமல் பக்தி. இவற்றை விற்கும் சபை தன் உயிரையே விற்கிறது என்றார். இறையருள் இலவசமானது, ஆனால் அதைப் பெற்றவனிடம் அது முழு வாழ்வையும் கேட்கிறது. சிஷ்யனாகாமல் குருவின் ஆசியை மட்டும் நாடுவோர் எல்லா மரபுகளிலும் உண்டு என்பதால், இந்நூல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று.

ஓரத்தில் ஒரு தேதி

1938 நவம்பர் 9-ஆம் நாள் இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, கடைகள் சூறையாடப்பட்டன. பெரும்பாலான ஆலயங்களில் அடுத்த ஞாயிறு எதுவும் நடவாதது போல் வழிபாடு நடந்தது. போன்ஹோஃபர் தம் வேதாகமத்தில் 74-ஆம் சங்கீதத்தை எடுத்தார். நாட்டிலுள்ள இறைவனின் இல்லங்களைப் பகைவர் எரித்தனர் என்று புலம்பும் வரி அதில் வருகிறது. அதன் அருகே ஓரத்தில் அந்த நாளின் தேதியை மட்டும் குறித்தார்.

உரைநூல்களில் அந்த வரிக்கு எருசலேம் ஆலயம் இடிந்த வரலாறே விளக்கமாகக் கிடைக்கும். அது தவறன்று. ஆனால் தன் கண்முன் எரியும் யூத ஆலயத்தை, தன் மறைநூல் இறைவனின் இல்லம் என்றே அழைக்கிறது என்று கண்டுகொள்ள வரலாறு மட்டும் போதாது. நாள்தோறும் அந்தப் பக்கங்களோடு வாழ்ந்த கண்ணுக்கே அது தெரிந்தது. அவருடைய இரட்டைச் சகோதரி சபினாவின் கணவர் யூத வழிவந்தவர். அந்தக் குடும்பம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்தான் நாட்டை விட்டுத் தப்பிச் சென்றிருந்தது.

1939 ஜூனில் நண்பர்கள் ஏற்பாட்டால் அவரும் தப்பினார். நியூயார்க்கில் பாதுகாப்பான வேலை காத்திருந்தது. நான்கு வாரங்கள்கூட நிரம்பவில்லை, மனம் கொள்ளவில்லை. ஹெர்ன்ஹுட் என்ற ஊரின் மொராவியச் சகோதரர்கள் 1731 முதல் ஆண்டுதோறும் வெளியிட்டு வரும் தினவாசக நூலை அவர் தவறாமல் படிப்பவர். ஜூன் 26-ஆம் நாள், பவுல் தம் இளம் தோழர் தீமோத்தேயுவைக் குளிர்காலத்திற்கு முன் வந்துவிடும்படி அழைக்கும் வரியை அவர் படிக்க நேர்ந்தது. ஒரு முதியவர் சிறையிலிருந்து எழுதிய சொந்தச் செய்தி அது. அதைத் தமக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொள்வது மறைநூலைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலை தொடக்கத்தில் கப்பல் ஏறினார். தம் மக்களின் சோதனைக் காலத்தில் உடனிருக்காதவனுக்கு, போருக்குப் பின் அவர்களோடு சேர்ந்து கட்டியெழுப்ப உரிமை இராது என்பது அமெரிக்க நண்பருக்கு அவர் தந்த விளக்கம்.

நூலைத் திறந்து கண்ணில் பட்ட வரியைச் சகுனமாகக் கொள்ளும் வழக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. பல வாரங்களாக உள்ளே நடந்த போராட்டத்திற்கு அந்த வரி ஒரு முகத்தைக் கொடுத்தது. அவ்வளவே.

கறைபடிந்த கைகள்

இதன்பின் வரும் பகுதி, அவரைப் போற்றுவோருக்கும் சங்கடம் தருவது. மலைப்பிரசங்கத்தைத் தம் விடுதலை என்று சொன்னவர், காந்திஜியிடம் கற்க விரும்பியவர், ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட குழுவினரோடு சேர்ந்தார். தமக்கையின் கணவர் ஹான்ஸ் ஃபான் டோனானி வழியாக ராணுவ உளவுத்துறையில் பெயரளவில் ஒரு பதவி பெற்று, அதன் மறைவில் வெளிநாட்டுத் திருச்சபைகளோடு தொடர்புகொண்டார். யூத வழிவந்தோரான 14 பேரை 1942-இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த முயற்சியிலும் அவர் பங்கு உண்டு.

இதற்கு வேதாகமத்தில் ஒரு வசனத்தைத் தேடி அவர் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை. அதுதான் இங்கு முக்கியம். வன்முறையும் பொய்யும் பாவமே. ஆனால் தன் கைகள் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக மற்றவர்கள் சாவதைப் பார்த்திருப்பதும் பாவமே. அந்நிலையில் பொறுப்புள்ளவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, இறைவனின் இரக்கத்தில் தன்னை ஒப்படைக்கிறான் என்று எழுதினார். அவர் முடிவு சரியா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. காந்திஜி வேறு வழியைத்தான் காட்டியிருப்பார். ஆயினும் மறைநூலைத் தம் செயலுக்குக் கேடயமாக்க மறுத்த அந்த நேர்மையில் ஐயமில்லை.

92-ஆம் எண் அறை

1943 ஏப்ரல் 5-இல் அவர் கைதானார். அந்த ஜனவரியில்தான் மரியா ஃபான் வேடமையருடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பெர்லினின் டேகல் ராணுவச் சிறையில் பெரும்பாலும் 92-ஆம் எண் அறையே அடுத்த பதினெட்டு மாதங்களுக்கு அவர் இல்லமாயிற்று. காலை மாலை சங்கீதங்கள். நவம்பருக்குள் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை படித்துவிட்டதாக நண்பர் எபர்ஹார்ட் பெட்கேவுக்கு எழுதினார். தாமஸ் கெம்பிசின் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' நூலை லத்தீனில் படித்தார். பரிவிராஜகராக இந்தியா முழுவதும் நடந்த சுவாமி விவேகானந்தர் கீதையோடு தம்மிடம் வைத்திருந்ததும், வங்காளத்தில் ஒரு பகுதியை மொழிபெயர்த்ததும் இந்நூலையே.

சிறையில்தான் அவருடைய சிந்தனை புதிய திசையில் சென்றது. 1944 ஏப்ரல் 30 முதல் எழுதிய கடிதங்களில், இன்றைய மனிதருக்குக் கிறிஸ்து உண்மையில் யார் என்ற வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். இயற்பியலைப் பற்றிய ஒரு நூலைப் படித்துவிட்டு மே மாதத்தில் எழுதியது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அறிவியல் விளக்காத இடைவெளிகளில் இறைவனை வைத்தால், அறிவு வளர வளர இறைவன் பின்வாங்கிக்கொண்டே இருக்க நேரும். நாம் அறியாதவற்றில் மட்டும் அன்றி, அறிந்தவற்றிலும் அவனைக் காண வேண்டும். மரணத்திலும் துன்பத்திலும் மட்டும் அன்றி, உடல்நலத்திலும் உழைப்பிலும் அவனைக் காண வேண்டும். மதச்சொற்களும் மதப்பழக்கமும் இல்லாத மனிதர்களிடம் இறைவனைப் பற்றி எப்படிப் பேசுவது என்றும் கேட்டார். இதைக் கொண்டு அவர் பக்தியைக் கைவிட்டார் என்று கருதியவர்கள் உண்டு. அவ்வாறு கருதுவோர், இந்தக் கடிதங்களை எழுதிய கைதான் அதே காலையில் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டியது என்பதை மறந்துவிடுகின்றனர். உலகிடம் பேசும் மொழி மாறலாம். உள்ளே நிகழும் சாதனை மறைவாகத் தொடர வேண்டும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

1944 ஜூலை 20-இல் ஹிட்லர்மீது நடந்த கொலைமுயற்சி தோற்றது. தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த மறுநாள் எழுதிய கடிதத்தில் அச்சத்தின் சாயல் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் லசேரோடு நடந்த உரையாடலை நினைவுகூர்கிறார். வாழ்வில் என்ன ஆக விரும்புகிறோம் என்று இருவரும் பேசியபோது, லசேர் புனிதராக விரும்புவதாகச் சொன்னாராம். இவரோ விசுவாசிக்கக் கற்க விரும்புவதாகச் சொன்னாராம். புனித வாழ்வை வாழ முயல்வதன் மூலம் விசுவாசத்தைக் கற்கலாம் என்று எண்ணியே 'சீடத்துவம்' எழுதியதாகவும், அதன் அபாயங்கள் இப்போது தெரிவதாகவும், ஆயினும் எழுதியதை விட்டுக்கொடுக்கவில்லை என்றும், இவ்வுலகின் கடமைகளிலும் வினாக்களிலும் முழுமையாக இறங்கி வாழும்போதுதான் விசுவாசம் கற்கப்படுகிறது என்றும் எழுதினார்.

1945 ஏப்ரல் 8, ஞாயிறு. பல சிறைகள் மாறி, பவேரியாவில் ஷேன்பெர்க் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மற்றக் கைதிகளோடு அடைபட்டிருந்தார். வழிபாடு நடத்தும்படி தோழர்கள் கேட்டனர். அவர் தயங்கினார். கைதிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். சோவியத் நாட்டைச் சேர்ந்த நாத்திகர் ஒருவரும் இருந்தார். அவர்கள்மேல் தம் வழிபாட்டைச் சுமத்த இவருக்கு மனமில்லை. அந்தச் சோவியத் இளைஞரும் இசைந்த பிறகே தொடங்கினார். தினவாசக நூல் அன்றைக்குத் தந்திருந்த இரு பகுதிகளையே எடுத்துக்கொண்டார். பிறர் பொருட்டுக் காயப்பட்டவரின் தழும்புகளால் குணம் உண்டாவதைச் சொல்லும் ஏசாயாவின் வரி ஒன்று. உயிர்த்தெழுதலால் பிறக்கும் நம்பிக்கையைச் சொல்லும் பேதுருவின் வரி மற்றொன்று. ஜெபம் முடிந்த சற்று நேரத்தில் இருவர் வந்து அவர் பெயரைச் சொல்லி அழைத்தனர். மறுநாள் விடியற்காலையில் ஃபிளாசன்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அண்ணன் கிளாவுசும், தமக்கையர் இருவரின் கணவன்மாரும் அதே மாதத்தில் கொல்லப்பட்டனர்.

பெட்கேவுக்கு எழுதிய கடிதங்களில் பல, நச்சுவாயு முகமூடிகளை வைக்கும் டப்பாக்களில் இடப்பட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்தன. போருக்குப் பின் அவற்றைத் தோண்டியெடுத்து, 1951-இல் பெட்கே நூலாக வெளியிட்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் மேற்கு வாயிலுக்கு மேல் 1998-இல் நிறுவப்பட்ட இருபதாம் நூற்றாண்டின் பத்துத் தியாகிகளின் சிலைகளுள் அவருடையதும் ஒன்று.

சிதைந்து கிடந்த பெர்லினில் அவருடைய பெற்றோருக்கு நெடுநாள் எந்தச் செய்தியும் எட்டவில்லை. 1945 ஜூலை 27-ஆம் நாள் அவர்கள் வானொலியைத் திருப்பியபோது, லண்டனில் ஓர் ஆலயத்தில் நடக்கும் நினைவு வழிபாடு ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. பேராயர் பெல் பேசினார். தங்கள் மகனின் பெயரை அவர்கள் அதில் கேட்டனர்.